ஒரு மெகாபைட் தமிழ்

“தமிழ் போட்டால் கேம் கனத்துப்போகும் தங்கச்சி. சிங்களமும் இங்கிலிசும் போதும்.”

பிள்ளைகள் எழுத்துக் கோத்துச் சொல் ஆக்கும் ஒரு சின்னக் கைபேசி விளையாட்டைக் கொழும்பில் ஒரு நிறுவனத்துக்குக் கொண்டுபோனபோது கிடைத்த பதில் இது. சொன்னவர் தமிழர்தான். அன்பாகத்தான் சொன்னார். எத்தனை மெகாபைட் கனக்கும் என்று கேட்டேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்லுறாங்கள்” என்றார். சிங்களத்துக்கு இடமிருக்கிற போனில் தமிழுக்கு மட்டும் இடமில்லாமல் போவது என்ன கணக்கு என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இது வாதாடித் தீர்க்கிற விஷயமல்ல, எண்ணித் தீர்க்கிற விஷயம். எண்ணிப் பார்க்கலாம்.

நான் சம்பூர்க்காரி. திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம், கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்குக் கிழக்கே இருக்கிற ஊர். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சோடு ஊர் கிளம்பியது. பட்டித்திடல், கிளிவெட்டி, மணற்சேனை என்று முகாம்களில் கிடந்துவிட்டு, 2015லும் 2016லும் காணிகள் துண்டு துண்டாக விடுபட்ட பிறகுதான் திரும்பினோம். இடையில் எங்கள் நிலத்தில் அனல் மின் நிலையம் வரும் என்றார்கள். 2016இல் அதைக் கைவிட்டார்கள். இப்போது சூரிய மின் நிலையத்தின் முறை. பத்து வருடம் விறகும் தகரமுமாகத் திரிந்த குடும்பங்கள் முதலில் கிணறு இறைக்கும், பிறகு கூரை போடும். போன் வாங்குவது கடைசியில்தான். அதுவும் பெரும்பாலும் கைமாறி வந்த போன்.

2020இல் பாடசாலைகள் மூடியபோது வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. அம்மாவின் ஒரே போனில் மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் படித்தார்கள். 2022இல் ரூபாய் சரிந்து, இறக்குமதிக்கும் தடை வந்து, போன் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அதனால் அதற்கு முன் வாங்கிய போன்களையே இன்றும் ரப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். 2 ஜிபி ரேம் உள்ள போன் எங்கள் ஒழுங்கையில் இன்னும் சாதாரணம். ஆண்ட்ராய்டு தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் பின்னால் குந்தியிருக்கும். மிச்சத்தில்தான் விளையாட்டு ஓட வேண்டும். இடம் போதாவிட்டால் ஆண்ட்ராய்டு முதலில் பின்னால் இருப்பவற்றை மூடும். அப்படியும் போதாவிட்டால் முன்னால் இருப்பதையே தூக்கிவிடும். “அக்கா, கேம் தானா வெளிய போயிட்டுது” என்று பிள்ளை வந்து நிற்பது அப்போதுதான்.

ஆகவே கனம் பற்றிய கேள்வி நியாயமானது. எழுத்தில்தான் அந்தக் கனம் இருக்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது.

ஒரு எழுத்துரு கோப்பு என்பது உண்மையில் படமல்ல. ஒவ்வொரு எழுத்துக்கும் சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் வளைகோடுகள், அவ்வளவுதான் அதற்குள் இருப்பது. 1991இல் ஆப்பிள் கொண்டுவந்த ட்ரூடைப் முறையே இன்றும் அடிப்படை. வளைகோட்டைச் சேமித்து வைப்பதால் எந்த அளவுக்கும் பெருப்பிக்கலாம். கோப்பும் சிறியது.

சிக்கல் அடுத்த படியில். விளையாட்டின் காட்சியை விநாடிக்கு முப்பது தடவை, அறுபது தடவை வரைவது கைபேசியின் வரைகலைச் சிப். அந்தச் சிப்புக்கு முக்கோணங்களும் படங்களும் கைவந்த வேலை. எழுத்தின் வளைகோட்டை நேரே வரைவது அதற்குத் தோதில்லை. எனவே விளையாட்டு இயந்திரம், அதாவது விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருள், தேவையான எழுத்துகளை எல்லாம் ஒரு பெரிய சதுரப் படத்தில் பக்கம் பக்கமாக வரைந்து வைத்துக்கொள்கிறது. அட்லஸ் என்று அதைச் சொல்வோம். திரையில் ‘கடல்’ என்று எழுத வேண்டுமானால் அந்தச் சதுரத்தில் க எங்கே, ட எங்கே, ல் எங்கே என்று பார்த்து அந்தத் துண்டுகளை மட்டும் ஒட்டுகிறது.

நினைவகத்தைத் தின்பது இந்தச் சதுரம். கணக்கு இலேசானது: அகலம் பெருக்கல் உயரம் பெருக்கல் ஒரு புள்ளிக்கு எத்தனை பைட். 1024க்கு 1024 புள்ளி உள்ள வண்ணப் படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், 4 மெகாபைட். 2048க்கு 2048 என்றால் 16. 4096க்கு 4096 என்றால் 64. பக்கத்தை இரட்டித்தால் நினைவகம் நான்கு மடங்காகும் என்பதை இதில் பார்க்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “படக் கோப்பு நூறு கிலோபைட்தானே” என்பார்கள். கோப்பாக இருக்கும்போது அது சுருட்டி மூலையில் சாத்திய பாய். விளையாட்டு ஓடத் தொடங்கினால் அதை விரித்தாக வேண்டும், விரித்தால் அறை முழுக்கப் பிடிக்கும். வெறும் வெள்ளை இடமாக இருந்தாலும் 1024க்கு 1024 என்றால் 4 மெகாபைட்தான். சிப் நேராகப் படிக்கக்கூடிய சுருக்க முறைகளும் உண்டு. காட்டுக்கும் கடலுக்கும் அவை சரி. எழுத்தின் விளிம்பில் அழுக்குப் படிந்தமாதிரித் தெரியும், எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்த தொல்லை, அளவு. தலைப்புக்கு ஒரு அளவு, பொத்தானுக்கு ஒரு அளவு, புள்ளிக்கணக்குக்கு இன்னொன்று, தடித்த எழுத்து தனி, கரை போட்ட எழுத்து தனி. பழைய முறையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்லஸ். எட்டு அட்லஸ் போட்டால் 32 மெகாபைட் போய்விடும். இந்தச் செலவு எந்த மொழிக்கும் வரும். தமிழுக்கென்று தனியாக வரும் செலவு அல்ல.

எழுத்துக்காக இடத்தை நெருக்கியவர்களில் என் மனதுக்குப் பிடித்தவர்கள் யப்பான்காரர். 1986இல் வெளியான டிராகன் குவெஸ்ட் என்ற புகழ்பெற்ற விளையாட்டு 64 கிலோபைட்டில் அடங்கியது. விளையாட்டு முழுவதும் 64 கிலோபைட். கத்தகானா என்ற யப்பானிய வரிசையின் எல்லா எழுத்துகளையும் வைக்க இடமில்லாமல், 20 எழுத்தை மட்டும் தெரிந்தெடுத்தார்கள். பூதங்களின் பெயரையும் மந்திரங்களின் பெயரையும் அந்த 20 எழுத்துக்குள் வருமாறே வைத்தார்கள். ஒரு பூதத்துக்கு என்ன பெயர் என்பதை எழுத்து நினைவகம் தீர்மானித்தது. அப்படியும் ஒரு நாடே அதை விளையாடியது. எழுத்துக்கு இடமில்லை என்று அவர்கள் இங்கிலிசில் போட்டுவிட்டுப் போகவில்லை.

தமிழுக்கு வருவோம். 247 எழுத்து என்று சின்ன வயதிலிருந்து மனனம் செய்திருக்கிறோம், அதனால் தமிழ் பெரிய கூட்டம் என்று ஒரு பயம். உண்மையில் 247 படம் வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18. கை, கெ, கா என்பவற்றுக்குத் தனிப்படம் வேண்டாம். கொம்பும் இரட்டைக்கொம்பும் காலும் விசிறியுமாகச் சில துணைக்குறிகள் எல்லா எழுத்துக்கும் பொது. தனிப்படம் கேட்பவை பெரும்பாலும் உகர ஊகார வரிசைகள்தான். கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அதில் 36 போய்விடும். டி, டீ இரண்டு. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, அவற்றின் புள்ளி, ஸ்ரீ. எல்லாம் சேர்த்து 110க்குள் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் கணினிக்காரர் அல்லர், அச்சுக்கோப்பவர்கள். ஈய எழுத்துக்கும் பெட்டியில் அறை வேண்டும், ஒவ்வொரு புது வடிவத்துக்கும் காசு வேண்டும். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய தனி வடிவங்களைக் கைவிட்டு, மற்ற எழுத்துகளைப்போலவே அவற்றுக்கும் பொதுத் துணைக்குறி போட்டு அச்சிடத் தொடங்கினார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. அப்படி 13 எழுத்தின் தனி வடிவம் தேவையில்லாமல் போனது. என் அட்லஸில் இன்றைக்குச் சில கட்டங்கள் மிச்சம் என்றால் அதற்கு அந்தச் சீர்திருத்தம்தான் காரணம். உகர ஊகாரத்தையும் அன்று தொட்டிருந்தால் இன்னும் மிச்சமாகியிருக்கும். தொடாதது நல்லது என்றுதான் நினைக்கிறேன். மு என்ற எழுத்தின் அழகை ஒரு கிலோபைட்டுக்காக விற்க முடியாது.

இனிச் சீனத்தைப் பாருங்கள். சீன அரசு 2013இல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள். முதல் நிலை என்று அன்றாடப் பாவனைக்குப் பிரித்தவையே 3,500. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் என்ற பொது முறையில் கொரிய அசைகளுக்கு 11,172 இடம். 2014இல் கூகுளும் அடோபியும் சேர்ந்து வெளியிட்ட சீன-யப்பானிய-கொரிய எழுத்துருவில் 65,535 வடிவங்கள். ஒரு எழுத்துருக் கோப்பு தாங்கக்கூடிய உச்சமே அவ்வளவுதான். அந்த மொழிகளில் கைபேசி விளையாட்டுகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. 110 வடிவம் உள்ள மொழி கனம் என்று யாரும் சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

அப்படியென்றால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? வெறும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. தமிழ் சேர்த்ததும் கனத்துப்போன விளையாட்டுகளை நானும் திறந்து பார்த்திருக்கிறேன். கனத்துக்குக் காரணம் வேறு.

யூனிகோடில் ‘கொ’ என்பது க, அதன் பின்னால் ஒகரக்குறி என்று இரண்டு எண்களாக இருக்கும். திரையில் கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால் வர வேண்டும். ‘கு’ என்பது க, அதன் பின் உகரக்குறி. திரையில் ஒரே வடிவமாக வர வேண்டும். இந்த மாற்றங்களுக்கான அட்டவணை எழுத்துருக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அதை வாசித்து வடிவங்களை அடுக்க ஒரு தனி மென்பொருள் வேண்டும். ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அந்த வேலையைப் பார்ப்பது ஹார்ஃப்பஸ் என்ற இலவச நூலகம். வாட்ஸ்அப்பில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

விளையாட்டு இயந்திரங்கள் பல காலமாக இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டன. ஒரு எண்ணுக்கு ஒரு படம், இடமிருந்து வலம், முடிந்தது. இங்கிலிசுக்கு அது போதும். தமிழில் கொம்பு பின்னால் போய் நிற்கும், உகரக்குறி ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே தொங்கும். எழுத்தை அடுக்குவது இலேசான வேலை இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2018 பெப்ரவரியில் ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களில் செயலிகளை மூடவைத்தது. ஆப்பிள் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

இயந்திரம் தமிழை உடைப்பதைக் கண்டதும் பல நிறுவனங்கள் எடுக்கிற குறுக்கு வழி, சொற்களைப் படமாக்குவது. ‘தொடங்கு’, ‘மீண்டும் ஆடு’, ‘வெற்றி’ என்று ஒவ்வொன்றையும் போட்டோஷாப்பில் எழுதி ஒவ்வொரு படமாகச் சேர்த்துவிடுவார்கள். 512க்கு 128 அளவில் ஒரு படம் 256 கிலோபைட். அப்படி 200 சொல்லும் வசனமும் நினைவகத்தில் இருந்தால் 50 மெகாபைட். கனத்தது தமிழல்ல, இந்தப் படங்கள். இங்கிலிசையும் இப்படிப் படமாக்கினால் அதுவும் இதே கனம்தான் கனக்கும். இன்னொரு வகை, “எல்லா மொழியும் வரட்டும்” என்று சீனம் கொரியம் எல்லாம் அடங்கிய பெரிய எழுத்துருவைச் சேர்த்துவிட்டு, அதன் பதினைந்து இருபது மெகாபைட்டைத் தமிழின் கணக்கில் எழுதுவது.

எனக்கு வழி காட்டியது மூதூரின் தட்டச்சுக் கடைகள். காணி விடுவிப்புக்கு மனு எழுதாத குடும்பம் எங்களூரில் இல்லை. பிரதேச செயலகத்துக்கு ஒன்று, அரசாங்க அதிபருக்கு ஒன்று, மனித உரிமை ஆணைக்குழுவுக்கு ஒன்று. அப்பாவோடு நானும் போவேன். போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கணினி, அதில் பாமினி எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசையைத் தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று வரும். இங்கிலிஸ் எழுத்துகள் இருக்க வேண்டிய அறைகளில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பதுதான் பாமினியின் வித்தை. சின்ன எஃப் தட்டினால் க, பெரிய எஃப் தட்டினால் கு. கெ வேண்டுமானால் கொம்பை முதலில் தட்டிவிட்டுக் க தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பு. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஒரு தலைமுறை முழுக்கக் கலியாணக் கார்டும் கண்ணீர் அஞ்சலியும் மனுக்களும் இந்த எழுத்தில்தான் அடித்தது.

யூனிகோட் வந்த பிறகு பாமினியைப் பழசு என்று எல்லோரும் ஏளனம் செய்தோம். நியாயம்தான், தேடவும் முடியாது, வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் கீச்சு மூச்சென்று இங்கிலிஸ் தெரியும். ஆனால் ஒரு எண்ணுக்கு ஒரு படம், இடமிருந்து வலம் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத விளையாட்டு இயந்திரத்துக்குப் பாமினி அச்சாகப் பொருந்துகிறது. தமிழில் விளையாட்டுச் செய்கிற பலர், யூனிகோட் உரையை ஓடுகிற நேரத்தில் பாமினிக்கோ திஸ்கி என்ற இன்னொரு பழைய குறியேற்றத்துக்கோ மாற்றித்தான் காட்டுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட டேஸ் 16 என்ற குறியேற்றமும் இதே குணம் உள்ளது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் சொந்தமாக ஒரு எண், அடுக்கும் வேலையே இல்லை.

நான் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் உரை எல்லாம் யூனிகோடில்தான் இருக்கும், தேடலாம், திருத்தலாம், மொழிபெயர்ப்பவருக்கு அனுப்பலாம். விளையாட்டைக் கட்டும்போது என் கணினியிலேயே ஒரு சின்ன நிரல் எழுத்துகளை வரிசைப்படுத்தி, யூனிகோடில் தனியார் பாவனைக்கென்று விட்டுவைத்திருக்கும் 6,400 இடங்களில் என் 110 வடிவங்களுக்கும் எண் கொடுத்துவிடும். போனில் ஓடும்போது அடுக்கும் வேலை மிச்சமில்லை. பிள்ளை தன் பெயரைத் தட்டினால் மட்டும் அதே விதிகள் போனில் ஓட வேண்டும். தமிழின் விதிகள் ஒரு தாளில் அடங்குபவை, பழைய போனுக்கும் அது பாரமில்லை.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. 2023 மார்ச் 1ஆம் திகதி வெளிவந்த கோடோ 4 என்ற இலவச இயந்திரத்தில் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. தமிழ், சிங்களம், அரபு எல்லாம் ஒழுங்காக வரும். யூனிட்டியும் தன் ஆறாம் பதிப்பில் இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறது. பழைய யூனிட்டித் திட்டங்களில் மாட்டியிருப்பவர்களுக்குத்தான் பாமினி வழி.

இனி அந்தப் பல அளவுத் தொல்லை. இதற்கு மருந்து 2007இல் வந்தது. வால்வ் நிறுவனத்தின் கிறிஸ் கிரீன் சிக்ராஃப் என்ற வரைகலை மாநாட்டில் ஒரு முறையைச் சொன்னார். அட்லஸில் ஒவ்வொரு புள்ளியிலும் ‘இங்கே மை உண்டா இல்லையா’ என்று எழுதாமல், ‘எழுத்தின் விளிம்பு இங்கிருந்து எவ்வளவு தூரம்’ என்று எழுதி வை என்றார். தூரம் தெரிந்தால் விளிம்பு எங்கே என்பதைச் சிப் எந்த அளவிலும் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரே அட்லஸிலிருந்து சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் கூர்மையாக வரும். அதே தூரத்தை வைத்துக் கரையும் நிழலும் போடலாம், அவற்றுக்குத் தனி அட்லஸ் வேண்டாம். நிறம் சேமிக்க வேண்டியதில்லை என்பதால் ஒரு புள்ளிக்கு 1 பைட் போதும். எஸ்.டி.எஃப். என்று இதைச் சொல்வார்கள். ஸ்டீபன் பூஷார்ட் எழுதிய டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ என்ற கருவி இந்த முறையில் வேலை செய்வதுதான். 2017இல் யூனிட்டி அதை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இதில் தமிழுக்கு ஒரு கவனம் வேண்டும், இங்கிலிஸ் பாடங்களில் யாரும் சொல்லாதது. நமது எழுத்துகளுக்குச் சுழிகள் அதிகம். ன இரண்டு சுழி, ண மூன்று சுழி. அட்லஸில் எழுத்தை மிகச் சின்னதாக வைத்தால் சுழியின் உட்குழி அடைபட்டு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எழுத்துப் படிக்கிற பிள்ளைக்கு ன, ண குழம்புகிற விளையாட்டைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருக்கலாம். இங்கிலிசுக்கு 32 புள்ளி உயரம் போதும் என்பார்கள். நான் தமிழுக்கு 48க்குக் கீழே போவதில்லை. எழுத்தைச் சுற்றி 6 புள்ளி இடைவெளியும் விடுவேன், கரை போட அது வேண்டும்.

அந்த அளவில் தமிழ் வடிவங்கள் 110, இங்கிலிஸ் எழுத்தும் எண்ணும் குறிகளும் 95. எல்லாம் சேர்ந்து 1024க்கு 1024 சதுரத்தில் இடம் மிஞ்ச அடங்கிவிடுகின்றன. புள்ளிக்கு 1 பைட். மொத்தம் 1 மெகாபைட். தலைப்பு, பொத்தான், வசனம், கரை, நிழல் எல்லாம் அதற்குள். அதே அளவில் சீனத்தின் 3,500 எழுத்தை வைக்க 4096க்கு 4096 சதுரம் வேண்டும், 16 மெகாபைட்.

சிங்களத்துக்குத் தமிழைவிட அதிக வடிவங்கள் வேண்டும், ரகாராங்சய, யங்சய என்று கூட்டுகள் இருக்கின்றன. அதற்குத் தனி அட்லஸ் போட்டு, பிள்ளை எந்த மொழியைத் தெரிவு செய்கிறதோ அதை மட்டும் ஏற்றினால் போதும். இரண்டு மொழி தெரிந்த விளையாட்டு இரண்டையும் ஒரே நேரம் சுமக்க வேண்டிய அவசியமில்லை.

விளையாட்டின் மற்றச் செலவோடு வைத்துப் பாருங்கள். ஒரு பின்னணிப் படம், 2048க்கு 2048, சுருக்காமல் போட்டால் 16 மெகாபைட். பிள்ளைகள் ஒருவரும் நின்று பார்க்காத அந்த வானத்துக்கு மொத்தத் தமிழையும்போலப் பதினாறு மடங்கு இடம். விளம்பரம் காட்டுகிற நூலகங்கள் தின்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எங்கள் முன்பள்ளி ரீச்சர்தான் என் கடுமையான பரிசோதகர். “மகள், 247ஐயும் காட்ட வேணும். ஙௌ எங்கே?” என்று கேட்பார். ஙௌ வருகிற சொல் தமிழில் எதுவுமில்லை ரீச்சர் என்றால், “சுவரில் தொங்குற அட்டையில் இருக்குத்தானே” என்பார். நினைவகத்துக்கு அதில் நட்டமில்லை. கொம்பு, ங, ள மூன்றும் ஏற்கெனவே சதுரத்தில் இருக்கின்றன, சேர்த்து ஒட்டினால் ஙௌ. அடுத்த கோரிக்கைதான் சிக்கலானது. ஒரு எழுத்து திரை முழுக்க வர வேண்டும், பிள்ளை விரலால் அதன்மேல் எழுதிப் பழக வேண்டும். 48 புள்ளியை எழுநூறு புள்ளிக்குப் பெருப்பித்தால் எஸ்.டி.எஃப். முறையிலும் கூரான மூலைகள் மழுங்கிப்போகும். ட, ப, ம எல்லாம் சவர்க்காரக் கட்டிபோல ஆகிவிடும். அந்த ஒரு திரைக்கு மட்டும் அட்லஸை விட்டுவிட்டு எழுத்துருக் கோப்பின் வளைகோட்டையே எடுத்து முக்கோணங்களாக வெட்டி வரைகிறேன். ஒரு எழுத்துக்குச் சில கிலோபைட்டுக்கு மேல் போகாது. விரல் எந்த வரிசையில் போக வேண்டும் என்ற பாதையைத்தான் கையால் போட வேண்டியிருந்தது. அதை ரீச்சர் சொல்லச் சொல்ல வரைந்தோம்.

கனம் என்ற சாக்குப் போக, ஆள் வராது என்ற சாக்கும் உண்டு. டொரொன்டோவில் விசை கேம்ஸ் செய்த ‘வெண்பா’ என்ற விளையாட்டு 2023இல் வந்தது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், இட்லியும் புட்டும் அவிப்பதுதான் ஆட்டம். 2024இல் பாஃப்டா அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கொடுத்தது. தமிழ் இருப்பதால் ஆள் வராது என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

விளையாட்டுச் செய்கிற பிள்ளைகளுக்கு: எழுத்துருவுக்குக் காசும் தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், பலூ தம்பி, நம் நாட்டு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விளையாட்டோடு சேர்த்து வெளியிடலாம், விற்கலாம். உரிமக் கோப்பைக் கூடவே வையுங்கள். எழுத்துருவிலிருந்து தமிழும் இங்கிலிசும் மட்டும் வெட்டி எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொற்களைப் படமாக்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் பிள்ளை விளையாடுகிற விளையாட்டில் கொம்பு இடம் மாறி, உகரம் தொங்கி, தமிழ் உடைந்து தெரிந்தால் அதைச் சகித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். தமிழே இல்லாவிட்டாலும் விடாதீர்கள். பிளே ஸ்டோரில் அந்த விளையாட்டின் கீழே இரண்டு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். செய்கிறவர்கள் அதை வாசிக்கிறார்கள். நான் வாசிக்கிறேன்.